செய்தியும் சிலம்பும்

தாய்நிலத்திலிருந்து உறவினர் எவர் வந்தாலும் நம்மில் பெரும்பாலோர் அவர்களை முதலில் அழைத்துச் செல்வது செல்லுலர் சிறைக்குத்தான். தூக்குமேடையைக் காட்டுகிறோம். செக்கைக் காட்டுகிறோம். நாளொன்றுக்கு 30 பவுண்டு எண்ணெய் ஆட்டித்தர வேண்டும் என்ற கொடிய கணக்கைச் சொல்கிறோம். அந்தச் செக்கைச் சுற்றியவர்களுள் பத்திரிகை ஆசிரியர்களும் இருந்தார்கள் என்பதை மட்டும் ஏனோ சொல்வதில்லை.

அலகாபாத்தில் 1907ஆம் ஆண்டு 'ஸ்வராஜ்யா' என்றோர் உருது வார ஏடு தொடங்கிற்று. ஓர் ஆசிரியர் சிறை புகுந்தால் மற்றொருவர் வந்து அந்த நாற்காலியில் அமர்வார். அவரும் சிறை புகுவார். ஆசிரியர் தேவை, ஊதியம் இரண்டு காய்ந்த ரொட்டியும் ஒரு குவளைத் தண்ணீரும், ஒவ்வொரு தலையங்கத்துக்கும் பத்தாண்டுச் சிறை என அந்த ஏடு விளம்பரமே செய்தது என்பார்கள். அவ்வழி வந்த லத்தாராம், நந்தகோபால், ஹோத்திலால் வர்மா ஆகியோர் இந்தத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். ஹோத்திலால் இங்கும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. சிறையின் கொடுமைகளை எழுதி எப்படியோ வெளியே அனுப்பினார்; கல்கத்தாவில் சுரேந்திரநாத் பானர்ஜியின் 'பெங்காலி' அதனை வெளியிட்டது. நம் தமிழகத்திலும் இதற்கு இணையுண்டு. பாரதியார் எழுதிய 'இந்தியா' ஏட்டுக்காக 1908இல் சிறைத்தண்டனை பெற்றவர், ஏட்டின் உரிமையாளர் எனப் பதிவாகியிருந்த சீனிவாசன் என்பவர். எழுதியவர் ஒருவர், பெயர் கொடுத்தவர் வேறொருவர். அந்த வேறொருவரை நாம் மறந்தே போனோம்.

இதனை இப்போது எடுத்துச் சொல்லக் காரணமுண்டு. சென்ற திங்கள் நம் தமிழ் மன்றத்தில் 'இதழியலைக் கல்லூரியில் கற்பிக்க இயலுமா?' என்று ஒரு சொற்போர் நடந்தது. இயலாது என்ற அணியே வென்றது. எழுத்தாற்றல் பிறவியில் வருவது என்றார் ஒருவர். கையிலே தொலைபேசி இருக்கும்போது இதழாளன் எதற்கு என்றார் மற்றொருவர். இரண்டுக்கும் கைதட்டல் பலமாக இருந்தது. பேரிடர் மேலாண்மையை முதுநிலை அறிவியலாகப் படிக்கிறவன் நான்; இதழியல் என் துறையன்று. ஆயினும் என் குடும்பத்தைப் பற்றி நாளேடுகள் இரண்டு முறை எழுதியிருக்கின்றன. இரண்டு முறையும் எங்கள் பெயர் வரவில்லை, தீவின் பெயர் மட்டும் வந்தது. ஆகவே எனக்கும் சொல்லச் சில செய்திகள் உண்டு.

அந்தத் தீவு கச்சால். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கை மலைநாட்டிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தமிழ்த் தொழிலாளரில் ஒரு சிறு கூட்டத்தை, எழுபதுகளில் அரசு கச்சாலின் ரப்பர்த் தோட்டத்திலே குடியேற்றியது. என் தாத்தாவும் அப்பத்தாவும் அந்தக் கூட்டத்தோடு வந்தவர்கள். தேயிலை கிள்ளிய கை பால் வெட்டப் பழகிற்று.

2000ஆம் ஆண்டு பிறந்தபோது, புத்தாயிரத்தின் முதல் கதிரவன் கச்சாலில்தான் உதிக்கும் என்று உலகெங்கும் ஏடுகள் எழுதின. எங்கள் தாத்தாவுக்கு அதிலே பெருமைதான். அறிவியல் படிக்கும் எனக்கோ அந்தச் செய்தியில் விழுந்த ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது. கிரீன்விச் நேரப்படி ஜனவரி முதல் நாளின் நள்ளிரவு மணி அடிக்கும் அந்த நொடியில், நமக்குக் காலை ஐந்தரை; அப்போது கதிரவன் அடிவானில் தலைகாட்டும் கோடு கச்சாலின் மீது சென்றது. செய்தி அவ்வளவே. பசிபிக் தீவுகளில் அதே ஜனவரி முதல் நாள் விடிந்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. 'கிரீன்விச் கணக்கின்படி' என்ற இரண்டே சொற்களைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டால் ஒரு கணக்கு ஓர் அதிசயமாகிவிடுகிறது! பொய் என்று எவரும் குற்றஞ்சாட்ட முடியாது. மெய் என்றும் ஒப்புக்கொள்ள முடியாது. இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் கச்சாலில் அப்போது மருத்துவர் உண்டா, கப்பல் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், ரப்பர்த் தொழிலாளியின் கூலி என்ன என்றெல்லாம் கேட்க வேண்டிய நேரம், கதிரவனைப் பார்ப்பதிலேயே கழிந்துவிட்டது.

ஐந்தாண்டு நிறைவதற்குள் கச்சால் மறுபடியும் செய்தியானது. 2004 டிசம்பர் 26. அப்போது எனக்கு இரண்டு வயது. நினைவென்று ஒன்றுமில்லை, கேட்டறிந்ததுதான். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை ஐயாயிரத்துச் சொச்சம். சுனாமிக்குப் பிந்திய முதல் வாரங்களில், அவர்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைக் காணவில்லை என்று அரசுக் குறிப்பு சொன்னது. காணவில்லை என்பதன் பொருள் என்ன? இன்னும் எண்ணி முடியவில்லை என்பதுதான். காட்டுக்குள் மேட்டில் ஏறியவர், பக்கத்துத் தீவுக்குப் படகேறியவர், போர்ட் பிளேர் முகாமுக்கு வந்து சேர்ந்தவர் எல்லாரும் அந்தக் கணக்கிலே 'காணாதவர்'தான். நாளாக நாளாக அந்த எண் பெரிதும் குறைந்தது. (ஊருக்கு 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், நாக்குக்கு இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது, பொறுத்தருள்க.)

இந்த நுண்மை தெரியாத ஒரு நாளேடு, பெயர் வேண்டாம், கச்சால் தீவே கடலில் மூழ்கியது என்று முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த என் தாத்தாவின் தங்கை அதனைப் படித்துவிட்டு, அண்ணனுக்குப் பதினாறாம் நாள் கருமாதி செய்து முடித்துவிட்டார். தாத்தா அப்போது முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். தம் கருமாதிக்கு யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று இன்றும் கேட்டுச் சிரிப்பார். அப்பத்தா சிரிக்க மாட்டார். அவருடைய தம்பி குடும்பத்தில் ஐந்து பேர் உண்மையாகவே போய்விட்டார்கள். அந்த ஐந்து பெயரை எந்த ஏடும் போடவில்லை.

சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. பாண்டியன் கொடியவனல்லன். ஒரே ஒரு பொற்கொல்லன் வந்து ஒரு செய்தி சொன்னான். மன்னன் அவசரத்திலே இருந்தான். கேட்டதை நம்பிக் கட்டளையிட்டான். செய்தி சொன்னவனுக்கு அந்தச் செய்தியால் ஆதாயம் உண்டா என்று கேட்டிருந்தால் போதும். சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்திருந்தால் போதும். உடைத்துத்தான் பார்த்தார்கள், கோவலன் வெட்டுண்ட பிறகு! செய்தியறையில் மெய்ப்பிப்பு என்று எதைச் சொல்கிறார்களோ அதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த மொழியில் இருக்கிறது? நாமோ அதனைக் கற்புக்காகவும் ஊழுக்காகவும் மட்டும் மனப்பாடம் செய்து, தேர்வு எழுதிவிட்டு, மறந்துவிடுகிறோம்.

தவறான செய்தியின் தீங்கு இப்படி. சொல்லாத செய்தியின் தீங்கு இதனினும் பெரிது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நிலநடுக்கம் நேர்ந்தபோது இந்திய நேரம் 6 மணி 29 நிமிடம். கார் நிகோபார் விமானப்படைத் தளத்திலிருந்து எட்டு மணிக்கு முன்பே சென்னைப் பக்கத்து நிலையத்துக்குச் செய்தி வந்தது. தீவில் எங்கும் தண்ணீர் என்பதே கடைசியாக வந்த தகவல் என அன்றைய விமானப்படைத் தலைவர் பின்னர்ச் செய்தியாளரிடம் கூறினார். வானிலைத் துறை அனுப்பிய தொலைநகல் ஒன்று, பதவியிலில்லாத முன்னாள் அமைச்சர் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்ததாக ஏடுகள் எழுதின. அலை நாகைக் கரையை அறைந்தபோது மணி ஏறக்குறைய ஒன்பது. இடையில் ஒரு மணி நேரம். சென்னையிலும் அதிர்வை உணர்ந்த மக்கள் தெருவுக்கு வந்து, ஒன்றுமில்லை என்று வீடு திரும்பியிருந்தார்கள். கடற்கரையில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தன. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர்.

அந்த ஒரு மணி நேரத்தில் தவறு செய்தவர் யார் என்று நான் வழக்காட வரவில்லை. எச்சரிக்கும் அமைப்பே அப்போது நம்மிடம் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி முன்னறிவிப்பு மையம் 2007 அக்டோபரில்தான் தொடங்கிற்று. என் கவலை வேறு. அந்தத் தகவல் பல கைகளில் இருந்தது. வைத்திருந்த எவர் உள்ளத்திலும் 'இது அடுத்து யாருக்குத் தெரியவேண்டும்?' என்ற கேள்வி உரிய நேரத்தில் எழவில்லை. நாய் மனிதனைக் கடித்தால் செய்தியன்று, மனிதன் நாயைக் கடித்தால் செய்தி என்று பழைய வேடிக்கை ஒன்று உண்டல்லவா? இதழியல் வகுப்பில் முதல் நாளே அதனைத் துடைத்தெறிய வேண்டும் என்பது என் எண்ணம். வியப்பூட்டுவது செய்தி என்று பழகியவன் கச்சாலுக்குக் கதிரவனைப் பார்க்கத்தான் போவான். அடுத்தவனுக்குத் தேவையானது செய்தி என்று பழகியவன் நாகைக்குத் தொலைபேசி எடுப்பான். நம் தீவிலே எல்லாரும் நாள்தோறும் தேடிப் படிக்கும் பகுதி எது? நிர்வாகம் நடத்தும் 'டெய்லி டெலிகிராம்ஸ்' நாளேட்டில் வரும் கப்பல் புறப்பாட்டு அறிவிப்பு! அதை எழுதியவருக்கு எந்த விருதும் கிடைக்காது. ஆனால் அதிலே ஒரு மணி நேரம் பிழையானாலும் ஹட் பே போகவேண்டிய நோயாளி கரையிலே நிற்பார்.

எச்சரிக்கைச் செய்தியிலே இன்னொரு சிக்கலும் உண்டு. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. எச்சரிக்கை விடுத்தார்கள், மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள், பெரிய அலை வரவில்லை. வீண் பீதி என்று பலர் சலித்துக்கொண்டார்கள். அன்று பாறைத் தட்டுகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடலடித் தரை மேலெழவில்லை. ஆகவே நீரும் மேலெழவில்லை. எச்சரிக்கை விடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் இது முழுதும் தெரியாது. இந்த நாலு வரியை எளிய தமிழில் எழுத ஓர் இதழாளனுக்கு அறிவியல் தெரியவேண்டும், அல்லது அறிவியல் மாணவனுக்கு எழுதத் தெரியவேண்டும். எழுதாமற்போனால் அடுத்த முறை சங்கு ஊதும்போது மீனவர் நகர மாட்டார்.

இனி, நம்மையெல்லாம் நெளியவைக்கும் செய்திக்கு வருகிறேன்.

2012 ஜனவரியில் லண்டன் 'அப்சர்வர்' ஏடு ஒரு காணொளியை வெளியிட்டது. ஜாரவா பெண்களை, உணவு தருவதாகச் சொல்லிச் சுற்றுலா வந்தோர் முன் ஆடவைக்கும் காட்சி. நாடே கொதித்தது. அந்தமான் நெடுஞ்சாலையில் ஜாரவா காப்புக்காட்டின் வழியே வண்டிகள் அணியணியாகச் செல்வதும், சன்னல் வழியே பிஸ்கட்டும் வாழைப்பழமும் பறப்பதும் இங்கே யாருக்குத்தான் தெரியாது? அந்தப் பகுதியில் சாலையை மூட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. பத்தாண்டுக் காலம் நாம் அனைவரும் அறிந்திருந்த ஒன்று, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் அச்சேறிய பிறகுதான் செய்தியானது. தொல்குடிப் பாதுகாப்பு விதிகளில் தண்டனை அதே ஆண்டு கடுமையாக்கப்பட்டது. 2013 ஜனவரியில் சுற்றுலா வண்டிகளுக்கு உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடையும் விதித்தது. சில வாரங்களில் அது தளர்ந்தது. ஆகவே, வெளியூரான் வந்து நம் பெயரைக் கெடுத்துவிட்டான் என்று இங்கே சிலர் இன்றும் முணுமுணுப்பதை நான் ஏற்கமாட்டேன். அவன் எழுதியிராவிட்டால் எதுவும் அசைந்திராது.

ஆனால், அந்தக் காணொளியை அதன் பிறகு தொலைக்காட்சிகள் நாள் முழுதும் சுழலவிட்டனவே, அதற்கு என்ன பெயர்? குற்றம் நடந்தது என்று நிறுவ ஒருமுறை காட்டுவது சான்று. நூறுமுறை காட்டுவது அதே ஆட்டத்தை மறுபடியும் ஆடவைப்பது. வண்டிச் சன்னலில் இருந்தவன் பிஸ்கட் கொடுத்தான். இவர்கள் அதுவும் கொடுக்கவில்லை. திரையில் வந்த அந்தப் பெண் ஒப்புதல் தந்தாளா? அவளுக்கு அது உலகெங்கும் ஓடுவது தெரியுமா? தன் தமக்கையின் படமாக இருந்தால் செய்தி ஆசிரியர் எத்தனை முறை ஓட்டியிருப்பார்? எழுதுபவனுக்கும் எழுதப்படுபவனுக்கும் இடையில் மறுமொழி சொல்லும் வலிமையில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கிறதோ, அவ்வளவுக்கு எழுதுபவன் கட்டுப்பாடு ஏறவேண்டும். அமைச்சரைப் பற்றித் தவறாக எழுதினால் நாளை மறுப்பறிக்கை வரும். ஜாரவாவிடமிருந்து எந்த மறுப்பறிக்கையும் வராது.

கையில் தொலைபேசி இருந்தால் எல்லாரும் இதழாளர்தான் என்ற தோழருக்கும் இங்கேயே விடை இருக்கிறது. சென்னைக்கும் நமக்கும் கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டில் இணைந்த பிறகு நம் தொலைபேசிகள் விரைவாயின, மெய்ம்மை விரைவாகவில்லை. 2018 நவம்பரில் வடசென்டினலில் ஓர் அமெரிக்க இளைஞர் உயிரிழந்தார். தீவினரைக் காட்டுமிராண்டிகள் என்று ஏசிய பதிவுகள் நம்மவர் கைகளிலும் சுற்றின. 2025 மார்ச்சில் மற்றோர் அமெரிக்கர், காணொளி எடுப்பதற்காக அதே தீவின் கரையில் இறங்கித் தேங்காயும் ஒரு குளிர்பானக் குவளையும் வைத்துவிட்டு வந்து கைதானார். நமக்குச் சளி வந்தால் மூன்று நாள். நோயெதிர்ப்பு இல்லாத அந்த மக்களுக்கு அதே சளி ஒரு குலத்தின் முடிவாகலாம். இது பேரிடர் மேலாண்மைப் பாடம். இதழியல் பாடமும் இதுவே.

அதே சமயம், கட்டுப்பாடு என்றதும் ஆட்சியாளர் கையில் பிரம்பைக் கொடுப்பது என்று பொருளாகாது. 2020 ஏப்ரலில், தொற்றுக் காலத்திலே, நோயாளியோடு தொலைபேசியில் பேசியதற்காகக் குடும்பங்களை ஏன் தனிமைப்படுத்துகிறார்கள் என்று சுபைர் அகமது என்னும் நம் தீவு இதழாளர் இணையத்தில் ஒரு கேள்வி கேட்டார். கைது செய்யப்பட்டார். வழக்கைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் பின்னர் நீக்கிற்று. கேள்விக்கு விடை சொல்வதைவிடக் கேட்டவரைப் பிடிப்பது எளிது என்பது 1908லும் தெரிந்திருந்தது, 2020லும் தெரிந்திருக்கிறது. அறத்தை இதழாளர் தமக்குத் தாமே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். இந்தியப் பத்திரிகை மன்றம் நடத்தை நெறிகளை வெளியிட்டுத்தான் இருக்கிறது. அந்த மன்றத்தால் கண்டிக்க முடியும், தண்டிக்க முடியாது. அதுவே சரி என்பேன். கண்டனத்துக்கு நாணும் உள்ளத்தை உண்டாக்குவது கல்வியின் வேலை.

கற்பிக்க முடியுமா என்றால், உலகம் நூறாண்டுக்கு மேலாகக் கற்பித்துத்தான் வருகிறது. அமெரிக்காவில் மிசௌரிப் பல்கலைக்கழகம் 1908இல் தொடங்கிற்று. நம் நாட்டில் லாகூரில் 1941இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947இலும் துறைகள் ஏற்பட்டன. 'தினத்தந்தி' நிறுவிய சி. பா. ஆதித்தனார், தம் நிருபர்களுக்காக 'இதழாளர் கையேடு' என்றே ஒரு நூல் எழுதினார். ரிக்‌ஷாக்காரருக்கும் புரிய எழுதுவது எப்படி என்பது பிறவியில் வந்த வரமாக இருந்தால் அவர் ஏன் கையேடு எழுதவேண்டும்? 'தினமணி' ஏ. என். சிவராமன் 'கணக்கன்' என்ற புனைபெயரில் எழுதியவர். பொருளாதாரத்தையும் அறிவியலையும் எண்களோடு தமிழில் தெளிவாகச் சொன்னார். அவர் இருந்திருந்தால் கச்சாலின் 'காணாதவர்' எண்ணை அப்படியே அச்சேற விட்டிருப்பாரா? எனக்கு ஐயந்தான்.

நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் கடல்நீரின் உப்பளவைக் குறித்தால், எந்தக் கருவி, எந்த நேரம், எத்தனை முறை, பிழை எவ்வளவு என்று எழுதாமல் பேராசிரியர் கையெழுத்திட மாட்டார். தவறிப்போனால் அடித்துவிட்டுப் பக்கத்திலே திருத்தத்தை எழுதவேண்டும், அழிப்பான் கூடாது. இதே பழக்கத்தைச் செய்திக்குக் கொண்டுவருவதில் என்ன மாயம் இருக்கிறது? யார் சொன்னார், அவர் கண்டாரா கேட்டாரா, அவருக்கு இதிலே ஆதாயம் உண்டா, எண்ணியது யார், எப்போது எண்ணினார். இவ்வளவுதான். நம் வளாகத்தில் இதழியல் துறை இல்லை. வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

மன்றத்தின் அடுத்த பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். இந்த இதழில் இனி ஒவ்வொரு கட்டுரையின் கீழும் எழுதியவர் பெயரோடு, அதைச் சரிபார்த்த மாணவர் பெயரும் வரவேண்டும். சென்ற இதழின் பிழைகளுக்கு இரண்டாம் பக்கத்தில் இடம் ஒதுக்கவேண்டும். கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்கு அடியில் அன்று. இரண்டாவதாக, கச்சாலில் 2004இல் இறந்த தமிழர்களின் பெயர்ப்பட்டியலை நாமே தொகுத்து வெளியிட வேண்டும். தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்குப் போய் இந்திக்கு மாறி வரும்போது முருகாயி எது, முருகையா எது என்று தெரியாமற்போகிறது. தந்தை பெயரும் மகன் பெயரும் இடம் மாறிவிடுகின்றன. பெயர் சரியாகச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெயரையும் குறைந்தது இருவர் தனித்தனியே சொன்னால்தான் பட்டியலில் சேர்ப்பது என்று வைத்துக்கொள்வோம்.

போர்ட் பிளேரில் இருப்பவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துவிடலாம். கச்சாலுக்கு நேரில் போக இருவர் வேண்டும். நிகோபார் அனுமதிச் சீட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கமோர்ட்டா வழிக் கப்பல் காற்றைப் பார்த்துத்தான் புறப்படும், ஆகவே திரும்பும் நாளை உறுதியாகச் சொல்ல இயலாது. தேர்வு முடிந்த மறுவாரம் எண்ணியிருக்கிறேன். அப்பத்தா தம் ஐந்து பெயரையும் ஏற்கனவே என்னிடம் சொல்லிவிட்டார். அவற்றைச் சரிபார்க்க இரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வர விரும்புவோர் மன்ற அறையிலுள்ள ஏட்டில் பெயர் எழுதிவைக்கலாம்.